தேதியிட்ட நினைவுகள்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயற்கையைப் பார்ப்பது பற்றியும் அது நம் மனத்தில் விட்டுச்செல்லும் நினைவுகள் பற்றியும் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். வெளியில் பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்வது நமக்கு இன்பம் தருகிறது. அதையே தேதி போட்டு எழுதி வைத்தால் ஊருக்குப் பயன்படுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்குச் சான்று தேடிக் காட்டுக்குப் போகப் போவதில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்ற இந்த மூன்று இடங்களுக்குள்ளேயே நிற்கப் போகிறேன்.

மயிலாப்பூரிலிருந்து தொடங்குவோம். இந்த ஊரின் பருவங்களை முதன்முதலில் வரிசைப்படுத்திச் சொன்னவர்களில் ஒருவர் திருஞானசம்பந்தர். 7ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பூம்பாவைப் பதிகத்தைப் பக்தியோடு படித்திருப்பீர்கள். ஒருமுறை அதை ஊர்க்குறிப்பாகவும் படித்துப் பாருங்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விழாக்களுக்கு நடுவே கடற்கரைப் புன்னையும் தென்னையும் சோலையும் கடல் அலையும் தென்படுகின்றன. எந்த மாதத்தில் ஊர் எதற்காகக் கூடியது, சுற்றிலும் என்ன வளர்ந்திருந்தது என்பது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. பார்த்தவர் சொல்லி வைத்தார், அதனால் தெரிகிறது. கபாலீசுவரர் கோயிலின் தலமரமாகப் புன்னை இன்றும் போற்றப்படுகிறது. சம்பந்தர் கண்ட கடற்கரைப் புன்னைச் சோலையை இன்று சாந்தோம் பக்கம் போய்த் தேடினால் கிடைக்காது.

நம் காலத்துக்கு வந்தால், மயிலாப்பூர் தந்த மிகப் பெரிய இயற்கை நோக்கர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். மாதவையா குடும்பம் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்ற வீட்டில் வாழ்ந்தது. இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோமே, அதுதான். பெருங்குளம் மாதவையாவின் சொந்த ஊர். 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசிய மாதவையா, அந்தக் கூட்டத்திலேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது.

பையன் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தான். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனிடம் பாடம் கேட்டான். பிறகு சட்டமும் படித்தான். வக்கீல் தொழில் ஒட்டவில்லை. 1942 முதல் சில ஆண்டுகள் பெல்லாரிப் பக்கத்துச் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்துவிட்டு மயிலாப்பூருக்கே திரும்பினார். அதற்குப் பிறகு எழுத்தும் ஓவியமும் கறுப்பு வெள்ளைப் புகைப்படமுமே வாழ்க்கை. 1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் நாட்டுப்புற இயற்கை பற்றி ஒரு பத்தி தொடங்கினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்த நாள் வரை அந்தப் பத்தி வந்தது. 46 ஆண்டுகள்! தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தந்திருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பிரதி இருக்க வேண்டிய புத்தகம்.

யானைகளைப் பற்றியும் காட்டெருமைகளைப் பற்றியும் எழுத அவரைவிடத் தகுதியானவர் அன்று குறைவு. காடு காடாக நடந்தவர். ஆனாலும் காக்கை, அணில், பல்லி, மைனா, வீட்டுக்கூரையில் வந்து உட்காரும் ஆந்தை ஆகியவற்றுக்கு அவர் கொடுத்த இடம் யானைக்குக் கொடுத்ததைவிடக் குறைந்ததில்லை. கேட்டதை எழுத மாட்டார். ஊகத்தை ஊகம் என்றே சொல்வார். தன் கண்ணால் பார்த்ததை, பார்த்த அளவுக்கு மட்டும் எழுதுவார். இந்த நேர்மைதான் அவருடைய பத்திகளைச் சான்றாக மாற்றியது. இன்றைக்கும் ஓர் ஆய்வாளர் அவற்றை நம்பி எடுத்துக்காட்டலாம்.

அப்படிப் பார்ப்பதற்குக் குயிலைவிட நல்ல பாடம் கிடையாது. மாசி முடிந்து பங்குனி பிறந்தால் மாட வீதிகளில் விடியலுக்கு முன்பே குயில் கூவத் தொடங்கிவிடும். என் பாட்டி வீட்டு முற்றத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். பாட்டி பதிலுக்குக் கூவுவாள். குயில் இன்னும் உரக்கக் கூவும். பாட்டுப் பாடுவது பெண்குயில் என்றுதான் பாட்டி நம்பினாள். நம் இலக்கியத்திலும் குயில் பெரும்பாலும் பெண்தான். மரத்தடியில் பொறுமையாக நின்று பார்த்தால் உண்மை தெரியும். குரல் ஏறி ஏறிப் போகும் அந்தக் கூவல், மினுமினுக்கும் கறுப்பு உடம்பும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண்குயிலுடையது. பெண்குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் குரல் ‘கிக் கிக்’ என்று வெட்டி வெட்டி வரும்.

இன்னும் கொஞ்ச நாள் நின்றால் மிச்சக் கதையும் புரியும். குயில் கூவும் பருவமும் காக்கை கூடு கட்டும் பருவமும் ஒன்றே. ஆண்குயில் காக்கையின் கண்ணில் படும்படி வந்து வம்புக்கு இழுக்கும். காக்கைகள் அதைத் துரத்தும் இடைவெளியில் பெண்குயில் கூட்டில் முட்டை வைத்துவிடும். குயில் முட்டை முந்திப் பொரியும். ஐரோப்பாவில் குயில் இனத்துக் குஞ்சு மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். நம் ஊர்க் குயில்குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை. காக்கைக் குஞ்சோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு. ஆடியிலும் ஆவணியிலும் நம் வீட்டுக் கம்பியில் ஒரு காக்கை, புள்ளி போட்ட ஒரு பறவைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். பார்க்காமல் கடந்துபோகிறோம். மழைக்காலத்தில் குயில் எங்கேயோ போய்விட்டது என்று சொல்கிறோம். அது எங்கும் போவதில்லை. வாய் மூடி, அதே மரத்தில் பழம் தின்றுகொண்டிருக்கிறது.

இப்போது அடையாற்றைக் கடந்து அக்கரைக்குப் போவோம். அங்கே வேறொரு பெரிய மனிதர், வேறொரு பார்வை. தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தந்தை பிரம்மஞான சபையில் வேலைக்கு வந்ததால் 1909இல் அந்தக் குடும்பம் அடையாறுக்குக் குடிவந்தது. சிறுவன் கிருஷ்ணமூர்த்தியைச் சபைத் தலைவர்களில் ஒருவரான லெட்பீட்டர் முதன்முதலில் கவனித்தது அந்த ஆண்டில், ஆறு கடலில் கலக்கும் அந்தக் கரையில்தான். உலகமெல்லாம் சுற்றிய பிறகும் கிருஷ்ணமூர்த்தி சென்னைக்கு வந்துகொண்டே இருந்தார். கிரீன்வேஸ் சாலையில் வசந்த விஹாரில் தங்குவார். மாலையில் கடற்கரையில் நடப்பார். 1961 ஜூன் முதல் 1962 ஜனவரி வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் சில பக்கங்கள் சென்னையில் எழுதியவை.

மரத்தைப் பார்க்கும்போது ‘இது அரசமரம்’ என்ற சொல் குறுக்கே வந்தால் மரத்தைப் பார்ப்பது நின்றுவிடுகிறது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. பழைய நினைவின் பாரம் இல்லாமல் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஒரு பக்கம் மா. கிருஷ்ணன் பெயர் சொல்லி, இனம் பிரித்து, பருவம் குறித்து எழுதிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் ஜே. கிருஷ்ணமூர்த்தி பெயரையும் நினைவையும் விலக்கிவிட்டுப் பார் என்றார். இருவரும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே வானத்தைப் பார்த்தவர்கள்.

இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது? இந்தக் கேள்வியை நீண்ட காலம் மனத்தில் வைத்திருந்தவன் நான். இருவரையும் கேட்க வேண்டும் என்பதே என் முடிவு. ஒரு பறவையின் பெயர் தெரிந்த உடனே ‘இதுதானா’ என்று நகர்ந்துவிடுகிறவர் அதன் நடையையும் பசியையும் அச்சத்தையும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கிருஷ்ணமூர்த்தி சொல்வது சரி. ஆனால் பெயரும் தேதியும் இல்லாத அனுபவம் பார்த்தவரோடு முடிந்துபோகிறது. அடுத்தவருக்குக் கைமாறுவதில்லை. அந்த இடத்தில் மா. கிருஷ்ணன் சொல்வது சரி. மரத்தடியில் நிற்கும்வரை கிருஷ்ணமூர்த்தியாக இருங்கள். வீடு திரும்பியதும் கிருஷ்ணனாகி எழுத உட்காருங்கள்.

எழுதாமல் விட்டால் நினைவு என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. எங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. பங்குனியில் பூத்துக் கொட்டும். அம்மா வெள்ளைத் துணி விரித்துப் பூவைச் சேகரிப்பாள். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் போக மீதியைக் காயவைத்து டப்பாவில் போட்டு, ஆண்டு முழுக்க ரசத்துக்கு எடுப்பாள். அந்த மரம் போனது எப்படி என்பதில் என் அக்காவுக்கும் அண்ணனுக்கும் தீராத வழக்கு. 1994 அக்டோபர் 31 புயலில் விழுந்தது என்பாள் அக்கா. புயலில் விழவில்லை, ஆள் வைத்து வெட்டினார்கள் என்பார் அண்ணன். இருவருமே அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்ததுபோல விவரிப்பார்கள்.

அம்மா காலமான பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தபோது அவளுடைய வரவு செலவு நோட்டுகள் கிடைத்தன. பால், காய்கறி, வண்ணான் கணக்குக்கு நடுவே அந்த வாரத்துப் பக்கத்தில், புயலில் மரம் சுவர்மேல் சாய்ந்ததாக ஒரு வரி. இரண்டு வாரம் தள்ளி, மரம் வெட்டுக்கூலி என்று ஒரு தொகை. இருவர் சொன்னதும் பாதி பாதி சரி. அந்த நோட்டுகளை மேலும் புரட்டியபோதுதான் அம்மா யாரென்றே எனக்குப் புரிந்தது. வடாம் பிழிந்த நாள், மேகம் போட்டு வடாம் காயாமல் போன நாள், மாமரத்தில் முதல் பூ கண்ட நாள், கிணற்றில் தண்ணீர் எத்தனை உறை இறங்கியது என்ற கணக்கு எல்லாம் அதில் இருந்தன. பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒரு பெண், தன்னை இயற்கை நோக்கர் என்று ஒருநாளும் எண்ணாதவள், மயிலாப்பூர்க் கொல்லைப்புறம் ஒன்றின் காலநிலை வரலாற்றை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி நோட்டுகள் இருக்கும். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

சிட்டுக்குருவி விஷயத்தில் இத்தகைய குறிப்புகளின் அருமை ஊருக்கே தெரிந்தது. பாட்டி முறத்தில் அரிசி புடைக்கும்போது குருவிகள் காலடியில் வந்து நொய் பொறுக்கும். சுவரில் சாய்த்து மாட்டிய சுவாமி படத்துக்குப் பின்னால் கூடு இருக்கும். இந்த நினைவு என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. குருவி போய்விட்டது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்தத் தெருவில், எந்த ஆண்டில் குறையத் தொடங்கியது என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் குறிப்பு இருக்காது.

2020இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை வெளிவந்தது. 15,500 பறவை ஆர்வலர்கள் தேதியும் இடமும் போட்டுப் பதிந்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகளை வைத்து எழுதியது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மட்டும் குறைந்துவருகிறது என்று அது காட்டியது. செல்போன் கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. நம் ஏக்கம் பொய்யில்லை. நம் தெருவில் குருவி குறைந்தது உண்மை. ஆனால் ஏக்கத்தால் மட்டும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கூடு வைக்கப் பொந்தில்லாத கண்ணாடிச் சுவர் வீடுகள், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காத சிமெண்ட் முற்றங்கள், தானியம் சிந்தாத பாக்கெட் அரிசி என்று நாம் நினைக்கும் காரணங்களையும் தெருத் தெருவாகச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

அடுத்தது தியாகராய நகர். கடைகளும் கூட்டமுமாக இருக்கும் அந்த இடத்தில் இயற்கைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஓர் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதில் படகுப் போட்டி நடந்திருக்கிறது. நகரம் பெருகியது, வீட்டுமனை தேவைப்பட்டது. 1920களில் ஏரியை வடித்து, தெருக்கள் போட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் புதுக் குடியிருப்பு எழுந்தது. பனகல் அரசர் பெயரில் நடுவே பூங்கா அமைந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர்ப்பலகையை இன்றும் பார்க்கலாம். அந்தச் சாலையில் நின்றால் ஏரி தெரியாது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அப்போது ஏரி இருந்த இடத்தை எல்லோரும் பார்த்தோம். மனிதர்கள் மறந்தாலும் நிலத்தின் சரிவு மாறவில்லை. தண்ணீர் தன் பழைய இடத்துக்கே வந்தது.

சின்ன வயதில் அப்பா எங்களைப் பனகல் பூங்காவுக்கு அழைத்துப்போவார். தீபாவளிப் புடவை எடுக்க அம்மாவும் அத்தைகளும் கடைக்குள் போய்விட்டால் திரும்ப வெகுநேரம் ஆகும். நாங்கள் பூங்காவில் உட்கார்ந்திருப்போம். பொழுது சாயச் சாய மைனாக்கள் கூட்டம் கூட்டமாக மரங்களில் வந்து அடையும். அந்த இரைச்சலில் பஸ் ஹாரன்கூட அமுங்கிவிடும். பிற்காலத்தில் மெட்ரோ ரயில் பணிக்காகப் பூங்காவின் ஒரு பகுதியைத் தகரம் வைத்து அடைத்தார்கள். நகரத்துக்கு ரயில் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்னென்ன மரங்கள் இருந்தன, எத்தனை மைனாக்கள் அடைந்தன என்று யாராவது எழுதி வைத்திருந்தால், பணி முடிந்த பிறகு ‘இவை திரும்ப வந்தாக வேண்டும்’ என்று நாம் கணக்கோடு கேட்கலாம். அப்பாவோடு உட்கார்ந்திருந்த இனிமை என்னிடம் இருக்கிறது. அந்த எண்ணிக்கை என்னிடம் இல்லை.

கணக்கு வைத்தவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதை அறிய அடையாறுக்குப் போக வேண்டும். கிண்டிப் பாம்புப் பண்ணை 1972இல் உருவானது. அதைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் இளைஞர்கள் சிலரும் 1970களில் சென்னைக் கடற்கரையில் இரவு இரவாக நடந்து, முட்டையிட வரும் கடலாமைகளைத் தேடினார்கள். 1988இல் மாணவர்கள் கூடி அந்த நடையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாணவர் அமைப்பு இன்றுவரை தொடர்கிறது. தை பிறந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் மணலில் நடக்கிறார்கள். மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் அந்த ஆமை, மணலில் குழி தோண்டி ஏறக்குறைய நூறு முட்டை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும். நாய்களிடமிருந்து காப்பாற்ற முட்டைகளை வேலி போட்ட இடத்துக்கு மாற்றிப் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். வெளிச்சம் இருக்கும் திசையே கடல் என்று நம்பிக் குஞ்சுகள் ஓடும். தெருவிளக்கு எரிந்தால் சாலைக்கு வந்துவிடும். ஆகவே குஞ்சுகளைக் கையோடு எடுத்துப்போய் அலையோரத்தில் விடுகிறார்கள்.

நான் ஆசிரியராக இருந்த நாட்களில் மாணவர்களை அந்த நடைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். குஞ்சு முதல் அலையைத் தொடும்போது பிள்ளைகள் பேச்சற்று நிற்பார்கள். அது அவர்கள் வாழ்நாள் நினைவு. ஆனால் என்னை அதைவிடக் கவர்ந்தது, நடை முடிந்து எல்லோரும் தூக்கக் கண்ணோடு கிளம்பும்போது, ஓர் இளைஞர் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து தேதி, இடம், முட்டை எண்ணிக்கை என்று எழுதிக்கொண்டிருந்த காட்சி. அந்தக் குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததால்தான், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது ‘இது எப்போதும் நடப்பதுதானே’ என்று யாராலும் தள்ளிவிட முடியவில்லை. கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. அது நடைமுறையில் இருக்கிறதா என்று அரசையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தையும் கேட்க வைத்தது அந்த எண்ணிக்கைதான்.

மரங்களுக்கோ நம்மிடம் அப்படிக் கணக்கு இல்லை. பிரம்மஞான சபையின் பெரிய ஆலமரம் 1989 புயற்காற்றில் தாய்மரத்தை இழந்தது. விழுதுகள் ஊன்றியிருந்ததால் இன்றும் மரம் பரந்து நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை தெருவில் நடந்தவர்கள் மறக்க மாட்டீர்கள். சாய்ந்து கிடந்தவற்றில் மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரும் தென்கிழக்கு ஆசியாவின் பெருங்கொன்றையும் மத்திய, தென் அமெரிக்காவின் தூங்குமூஞ்சியும் நிறைய இருந்தன. நிழலுக்காகவும் பூ அழகுக்காகவும் நட்ட மரங்கள். நட வேண்டியவை இந்த மண்ணின் மரங்கள் என்று மா. கிருஷ்ணன் தன் வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை, மகிழம், சரக்கொன்றை எதை எங்கே நட வேண்டும் என்பதைப் புயலுக்கு மறுநாள் ஒவ்வொரு தெருவும் சொல்லியிருக்கும். எந்த மரம் விழுந்தது, எது நின்றது என்று தெருவுக்கு ஒருவர் எழுதியிருந்தால் நகரத்தின் கையில் இன்று ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

இழப்பையே பேசிக்கொண்டிருக்க நான் வரவில்லை. கிடைத்திருப்பவையும் கொஞ்சமில்லை. 1978இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டில் நகரின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் மேய்கின்றன. அதே ஆண்டில் தொடங்கிய சென்னை இயற்கையாளர் சங்கம் இன்றும் இயங்குகிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011இல் வந்தது. கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிய ஆற்றங்கரையில் ‘நிழல்’ அமைப்பினர் மரப்பூங்கா வளர்த்திருக்கிறார்கள். ஆறுமணிக்குருவி என்றொரு பறவை, வடக்கிலிருந்து பறந்து செப்டம்பர், அக்டோபரில் நம் ஊருக்கு வந்து சேரும். ஒன்பது நிறம் கொண்ட சின்னப் பறவை. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும். களைத்துப்போய் வீட்டுத் தோட்டத்தில், சில நேரம் கார் ஷெட்டில்கூட இறங்கிவிடும். அப்படி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால் பூனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள், ஒரு நாள் ஓய்வெடுக்க விடுங்கள். தேதியை மட்டும் எழுதி வையுங்கள். உங்கள் ஒரு வரியும் அடுத்த தெருக்காரர் எழுதும் ஒரு வரியும் சேர்ந்தால், அது எப்போது வருகிறது, ஆண்டுக்காண்டு வரவு தள்ளிப்போகிறதா என்பது தெரியும்.

எப்படி எழுதுவது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். தேதி, நேரம், இடம் என்ற மூன்றும் முதல் வரி. பார்த்தது எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்பது இரண்டாவது வரி. பெயர் தெரியாவிட்டால் அளவு, நிறம், அலகு, நடை ஆகியவற்றை எழுதுங்கள். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். கேள்விப்பட்டதைப் பார்த்ததாக எழுதாதீர்கள். எதிர்பார்த்துப் போய் ஒன்றைக் காணாவிட்டால் ‘இன்று காணவில்லை’ என்பதையும் எழுதுங்கள். சிட்டுக்குருவியைப் பற்றி நம்மிடம் இல்லாமல் போனது அந்த வரிதான். அதன் பிறகு கொஞ்சம் இடம் விட்டு, அந்தக் காட்சி உங்களுக்கு யாரை, எதை நினைவுபடுத்தியது என்பதையும் எழுதுங்கள். பாட்டியின் குரல் அங்கே இருக்கட்டும். கணக்கும் நினைவும் ஒரே பக்கத்தில் இருக்கலாம். இரண்டும் கலந்துவிடாமல் இருந்தால் போதும்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லஸ் முனையில் எந்த மரம் நின்றது, உங்கள் தெருக் கிணற்றில் எந்தக் கோடையில் தண்ணீர் வற்றியது, எந்த ஆண்டில் அடையாற்றில் கடைசியாகக் குளித்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவர்களை எழுதச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், மங்கலாக இருப்பதை மங்கலாகவும் சொல்லுங்கள்.

இளையவர்களே, உங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. நாளைக் காலையில் உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். எப்போது இலை உதிர்கிறது, எப்போது தளிர்க்கிறது, யார் வந்து உட்காருகிறார்கள், யார் கூடு கட்டுகிறார்கள் என்று வாரம் ஒருமுறை எழுதுங்கள். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் மொட்டைமாடியிலிருந்தே அதில் கலந்துகொள்ளுங்கள். ஓராண்டு எழுதிவிட்டு அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை யாராவது அந்த மரத்தை வெட்ட வந்தால், ‘இது எனக்குப் பிடித்த மரம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.